கதவை விட்டு ஒதுங்கி நின்றாலே சம்மதமா?

குற்றவியல் வழக்கு பார்க்கும் வக்கீல்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

போன வாரம் ராத்திரி தம்பியைத் தேடி போலீஸ் வந்தது. வாரண்ட் இல்லை. "உள்ளே பார்க்கணும்மா" என்றதும் அம்மா பயந்து ஒதுங்கி நின்றிருக்கிறார். வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பீரோவைக் கலைத்துப் போட்டுவிட்டு, தம்பியின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிப் போய்விட்டார்கள். அதில் 'முழுச் சம்மதத்துடன்' என்று எழுதியிருந்ததாம். நகல் தரவில்லை.

இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவைப் புரட்டினேன். 185-ஆம் பிரிவுப்படி, அவசரமென்றால் வாரண்ட் இல்லாமலும் சோதிக்கலாம். ஆனால் காரணத்தை முதலிலேயே எழுதி, 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாக வேண்டும். 103-ஆம் பிரிவு அக்கம்பக்கத்து சாட்சிகள் இருவர் வேண்டும் என்கிறது. இங்கே சாட்சி, அவர்களோடு ஜீப்பில் வந்திறங்கிய ஆள்! 105-ஆம் பிரிவு கேட்கும் வீடியோவும் யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கையெழுத்தை வைத்து இதையெல்லாம் அவர்கள் தாண்டிவிட முடியுமா? 185-இன் கீழ் அனுப்பிய பதிவின் நகலை வீட்டுக்காரர் கேட்டால் மாஜிஸ்திரேட் இலவசமாகத் தர வேண்டுமாம். மனுவை அம்மா பெயரில்தான் போடணுமா? லேப்டாப்பைத் திரும்பக் கேட்க தனி மனுவா?

சோதனை முறைகேடு என்றாலும் கிடைத்த பொருள் சாட்சியமாகச் செல்லும் என்று பூரன்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-இல் தந்த தீர்ப்பைக் காட்டி ஒருவர் பயமுறுத்துகிறார். தம்பி மேல் இதுவரை எஃப்ஐஆர் எதுவும் இருப்பதாகத் தகவல் இல்லை. ஸ்டேஷன் பெயரை மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள், ப்ளீஸ்.