டாஸ்ல இருந்து லினக்ஸ் வரைக்கும் ஃபைல் மாத்த ஒரே சாஃப்ட்வேர் இருக்கா? எங்க இருந்து நம்பி டவுன்லோட் பண்றது?

பழைய_டிஸ்க்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க. நான் வேலை பார்க்குற லேப்ல ஆறு கம்ப்யூட்டர் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்தது. ரெண்டு விண்டோஸ் 11 லேப்டாப், ஒரு பழைய மேக், டெபியன் போட்ட ஒரு லினக்ஸ் சர்வர், ஒரு விண்டோஸ் எக்ஸ்பி டெஸ்க்டாப், கடைசியா எம்எஸ்-டாஸ் 6.22 ஓடுற ஒரு பெட்டி. அந்த டாஸ் பெட்டி ஒரு அளவெடுக்குற கருவியோட சேர்ந்து வந்தது, சீல் வெச்சிருக்காங்க, அதனால ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டுற பேச்சே இல்ல. ஃப்ளாப்பி ட்ரைவ் செத்துப்போய் வருஷக்கணக்காச்சு, நெட்வொர்க் கார்டு கிடையாது, யூஎஸ்பியும் கிடையாது, வெளிய தெரியுறது ஒரு சீரியல் போர்ட் மட்டும்தான். உள்ள சுமார் 40 எம்பி ரீடிங்ஸ் இருக்கு, அந்த டிஸ்க் போச்சுன்னா அத்தனையும் போச்சு, வேற காப்பியே இல்ல.

எல்லாத்துக்கும் ஒரே சாஃப்ட்வேர் கிடைச்சா நிம்மதியா இருக்கும்னு தேடினேன். தேடல்ல முதல்ல வந்த ஒரு சைட்ல பெருசா பச்சைக் கலர்ல டவுன்லோட் பட்டன் இருந்துச்சு, அமுக்கினேன், வந்த இன்ஸ்டாலர் கேட்ட சாஃப்ட்வேரோட இன்னும் மூணு தேவையில்லாததையும் போட்டு ப்ரவுசர் ஹோம்பேஜையும் மாத்திருச்சு, அந்த லேப்டாப்பை முழுசா அழிச்சு திரும்ப விண்டோஸ் போட வேண்டியதாப் போச்சு. இப்ப எதை டவுன்லோட் பண்றதுன்னாலும் கை வரமாட்டேங்குது. எது போடணும், எங்க இருந்து எடுக்கணும், எடுத்தது சரியானதுதானான்னு எப்படிப் பார்க்கணும்?

இன்னொரு சின்ன குழப்பமும் இருக்கு. மேக்ல இருந்து சர்வருக்கு அனுப்புன ஃபோல்டர்ல தமிழ்ப் பேர் வெச்ச ஃபைல் நிறைய ரெண்டு ரெண்டாத் தெரியுது, பேர் அச்சு அசல் ஒண்ணேதான். இது ஏன்?

---

மழைத்துளி:

ப்ரோ, ஒரே சாஃப்ட்வேர்னு தேடுறதை விடுங்க, ஒரே ப்ரோட்டோகால்னு, அதாவது கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற ஒரே முறைன்னு தேடுங்க, பாதி வேலை அங்கேயே முடிஞ்சிரும். விண்டோஸ் 11, மேக், லினக்ஸ் மூணுலயும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் க்ளையன்ட், அதாவது என்க்ரிப்ட் பண்ணி இன்னொரு கம்ப்யூட்டரோட பேசுற சாஃப்ட்வேர், ஏற்கனவே உள்ள இருக்கு, விண்டோஸ்ல 2018க்கு அப்புறம் வந்த வெர்ஷன்ல எல்லாம் சேர்த்தே தர்றாங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து அதுல ஃபைல் அனுப்புற கமாண்டான எஸ்எஃப்டிபின்னு அடிச்சுப் பாருங்க, பதில் வந்துச்சுன்னா நீங்க டவுன்லோட் பண்ண வேண்டியது ஒண்ணுமே இல்ல. சர்வர்ல எஸ்எஸ்ஹெச் சர்வீஸ் ஓடினாப் போதும், மத்த மூணு கம்ப்யூட்டரும் அதுக்கே அனுப்பும், அதுல இருந்தே எடுக்கும்.

கமாண்ட் அடிக்கப் பிடிக்காதவங்களுக்கு ஃபைல்ஸில்லா மூணு சிஸ்டத்துக்கும் இருக்கு. வின்எஸ்சிபி விண்டோஸுக்கு மட்டும்தான், ஆனா விண்டோஸ்ல அதுதான் எனக்குக் கைக்கு அடக்கமா இருக்கு. சைபர்டக் மேக்லயும் விண்டோஸ்லயும் ஓடும். எதை வேணாலும் போடுங்க, கீழ பேசுறது ஒரே எஸ்எஃப்டிபிதான்.

எங்க இருந்து எடுக்குறதுன்னு கேட்டீங்க. தேடல்ல வர்ற முதல் லிங்க்கைத் தொடாதீங்க, அது பெரும்பாலும் விளம்பரம். லினக்ஸ்ல ஏபிடி, விண்டோஸ் 11ல விங்கெட், மேக்ல ஹோம்ப்ரூ, சாஃப்ட்வேரை எடுத்துப் போடுற இந்த மூணு கமாண்ட் வழியா எடுத்தா எடுக்கும்போதே ஹேஷ் (ஃபைல்ல இருந்து கணக்குப் போட்ட அடையாள எண்), இல்லன்னா டிஜிட்டல் கையெழுத்து சரியான்னு அதுவே பார்த்துக்கும், பச்சை பட்டன் தொல்லை கிடையாது.

---

தண்டோரா:

எல்லாத்துலயும் ஓடணும்னா ஃபைல் அனுப்புற பழைய முறையான எஃப்டிபி போடுங்க சார். 1971லயே வந்தது, எக்ஸ்பிலயும் கமாண்ட் ப்ராம்ப்ட்லயே இருக்கு. டாஸ் 6.22லயும் இன்டர்லிங்க், இன்டர்சர்வர்னு ரெண்டு ப்ரோக்ராம் கூடவே வந்திருக்கும், சீரியல் கேபிள் போட்டா வேலை முடிஞ்சது. எதுக்கு இவ்வளவு யோசனை?

---

கர்சர்:

தண்டோரா சொல்றதுல பாதி சரி, பாதியில ஆபத்து இருக்கு. எஃப்டிபில பாஸ்வேர்டும் ஃபைலும் அப்படியே திறந்தபடிதான் கேபிள்ல போகும், அதே நெட்வொர்க்ல இருக்குற யார் வேணாலும் படிக்கலாம். எக்ஸ்பிக்கு இன்னைக்கு வேற சுலபமான வழி கம்மிங்கிறதால நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா இன்டர்நெட்டைத் தொடாத தனி ஸ்விட்ச்ல எக்ஸ்பியையும் சர்வரையும் மட்டும் சேர்த்து, அந்த வேலைக்குன்னே ஒரு யூசரை உருவாக்கி, மாத்தி முடிச்சதும் சர்வர்ல எஃப்டிபியை நிறுத்திடுங்க. எக்ஸ்பில இருந்து புது சைட்டுக்குள்ள போகவும் பார்க்காதீங்க, அதோட பழைய என்க்ரிப்ஷனை இப்ப நிறைய சைட் ஏத்துக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்கவே மறக்காதீங்க. விண்டோஸ்ல இருக்குற அந்த எஃப்டிபி கமாண்ட் தானா டெக்ஸ்ட் மோட்லதான் ஆரம்பிக்கும். விண்டோஸ்ல வரி முடிவுக்கு ரெண்டு எழுத்து, லினக்ஸ்ல ஒண்ணு, அதனால டெக்ஸ்ட் மோட்ல அனுப்பும்போது அதை மாத்தி மாத்தி எழுதும். கடிதத்துக்கு அது நல்லது, ஜிப்புக்கும் படத்துக்கும் ரீடிங்ஸ் ஃபைலுக்கும் அதுதான் எமன், நடுவுல இருக்குற பைட்டையும் வரி முடிவுன்னு நினைச்சு மாத்திப்புடும். உள்ள போனதும் முதல் வேலையா பைனரின்னு அடிச்சுட்டு அப்புறம் அனுப்புங்க. அந்த க்ளையன்ட்டுக்கு பேசிவ் மோடும், அதாவது ஃபைல் போற இணைப்பையும் க்ளையன்ட்டே ஆரம்பிக்கிற முறையும், தெரியாது, அதனால நடுவுல ஃபயர்வால் இருந்தா லாகின் ஆகும், ஆனா ஃபைல் லிஸ்ட் கேட்டதும் அப்படியே நின்னுரும், அப்ப பாஸ்வேர்டு தப்போன்னு குழம்பாதீங்க.

இன்டர்லிங்க் பத்தி. கேபிளோட அந்தப் பக்கமும் டாஸ் ஓடணும், எக்ஸ்பியோட லினக்ஸோட எல்லாம் அது பேசாது. இவர்கிட்ட இருக்குறது ஒரே ஒரு டாஸ் பெட்டி.

---

நூல்வால்:

இந்த டாஸ் பெட்டிக்காகவே பிறந்த மாதிரி ஒண்ணு இருக்குங்க, கெர்மிட். 1981ல கொலம்பியா யூனிவர்சிட்டில எழுத ஆரம்பிச்சது. அங்க அப்ப டெக்ங்கிற கம்பெனியோட மெஷின் ஒரு பக்கம், ஐபிஎம் மெயின்ஃப்ரேம் ஒரு பக்கம், சின்ன மைக்ரோ கம்ப்யூட்டர் ஒரு பக்கம்னு ஒண்ணோட ஒண்ணு பேசாத பெட்டிங்களா இருந்துச்சு, உங்க லேப் மாதிரியேதான். பேர் மப்பெட்ஸ்ங்கிற பொம்மை ஷோல வர்ற பச்சைத் தவளையோட பேர், அனுமதி வாங்கித்தான் வெச்சாங்க. மத்த பல ப்ரோட்டோகால் லைன் எதையும் மாத்தாதுன்னு நம்பி எழுதினது, எக்ஸ்மோடமை எடுத்துக்கிட்டா 128 பைட் துண்டு துண்டா எட்டு பிட்டும் ஒழுங்காப் போனாத்தான் வேலை செய்யும். கெர்மிட் அப்படி எதையும் நம்பாது. நடுவுல இருக்குற மெஷின் கன்ட்ரோல் எழுத்தை முழுங்கிரும்னு வெச்சு, எல்லாத்தையும் அச்சிடக்கூடிய எழுத்தா மாத்தி, சின்னச் சின்ன பாக்கெட்டா, தப்பைப் பிடிக்கிற செக்சம் எண் போட்டு அனுப்பும், ஒரு பாக்கெட் கெட்டா அதை மட்டும் திருப்பி அனுப்பச் சொல்லும். அதனாலதான் எத்தனையோ சிஸ்டத்துக்கு அதை எழுதி வெச்சிருக்காங்க. மெதுவா இருக்குன்னு சொல்லுவாங்க, ஆரம்ப காலத்துக்கு அது உண்மை, அப்புறம் நீளமான பாக்கெட்டும், பதிலுக்குக் காத்திருக்காம அடுத்தடுத்த பாக்கெட்டை அனுப்புற ஸ்லைடிங் விண்டோவும் வந்தாச்சு.

2011ல யூனிவர்சிட்டில அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சாலும் சோர்ஸ் கோடை யார் வேணாலும் பயன்படுத்தலாம்ங்கிற பிஎஸ்டி லைசன்ஸ்ல திறந்துட்டாங்க, இப்ப கெர்மிட்ப்ராஜெக்ட் டாட் ஆர்க்ல இருக்கு. டாஸுக்கு எம்எஸ்-டாஸ் கெர்மிட், லினக்ஸ், மேக், யூனிக்ஸுக்கு சி-கெர்மிட், விண்டோஸுக்கு கெர்மிட் 95. அது ஒரு காலத்துல காசுக்கு வித்தது, இப்ப இலவசம். அங்க இருந்து மட்டும் எடுங்க.

சரி, எடுத்த கெர்மிட்டை டாஸ் பெட்டிக்குள்ள எப்படிப் போடுறது? ஃபைல் மாத்துற சாஃப்ட்வேரை மாத்தவே ஒரு சாஃப்ட்வேர் வேணுமேன்னு நானும் ஒரு நாள் முழுக்க உக்காந்திருக்கேன். இதையும் அவங்க யோசிச்சு வெச்சிருக்காங்க. ப்ரோக்ராமை வெறும் எழுத்தா மாத்தி வெச்ச ஒரு பூ ஃபைல் இருக்கு, பி ஓ ஓ, அதைத் திரும்ப ப்ரோக்ராமா ஆக்குறதுக்கு ஒரு குட்டி பேசிக் ப்ரோக்ராமும் இருக்கு. உங்க எக்ஸ்பில சீரியல் போர்ட் வழியாப் பேசுற ஹைப்பர்டெர்மினல் இருக்கும், அடுத்து வந்த விண்டோஸ்ல எடுத்துட்டாங்க, அதனால அந்த எக்ஸ்பியைப் பத்திரமா வெச்சுக்கோங்க. எக்ஸ்பியையும் டாஸையும் நல் மோடம் கேபிள்ல இணைங்க, அதுல 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் குறுக்கா மாறியிருக்கும், சாதா சீரியல் கேபிள் போட்டா ஒண்ணும் வராது. டாஸ்ல மோட் கமாண்ட்ல காம்1ஐ 1200 பாட் வேகம், பாரிட்டிங்கிற தப்பு பார்க்குற பிட் இல்ல, எட்டு பிட்னு வெச்சு, கடைசியா ஒரு பி சேர்த்தா டைம்அவுட் ஆகாமக் காத்திருக்கும். அப்புறம் காம்1ல இருந்து ஒரு ஃபைலுக்கு காப்பின்னு கொடுங்க. எக்ஸ்பில டெக்ஸ்ட் ஃபைல் அனுப்புங்கிற மெனுவில அந்த பேசிக் ப்ரோக்ராமை அனுப்பிட்டு கன்ட்ரோல் இசட் அடிச்சா டாஸ் பக்கம் ஃபைல் மூடிக்கும். அதே மாதிரி பூ ஃபைல். அப்புறம் க்யூபேசிக்ல அந்த ப்ரோக்ராமை ஓட்டினா கெர்மிட் வந்து நிக்கும். 1200க்கு மேல வேகம் வெக்காதீங்க, இந்தக் காப்பில தப்பைப் பிடிக்க ஆள் இல்ல, எழுத்து விட்டுப்போனா கண்ணுக்கே தெரியாது. மெதுவாத்தான் போகும், பொறுமையா விட்டுருங்க.

கெர்மிட் உள்ள வந்ததும் எக்ஸ்பி வேண்டாம். லினக்ஸ் சர்வருக்கு ஒரு யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர் போட்டு சி-கெர்மிட்டை ஓட்டுங்க, அந்த போர்ட்டைச் சொல்லி, கேரியர்ங்கிற மோடம் சிக்னலைப் பார்க்குறதை ஆஃப் பண்ணி, ரெண்டு பக்கமும் ஒரே வேகம் வெச்சு, இந்தப் பக்கம் ரிசீவ், அந்தப் பக்கம் சென்ட். ரெண்டு பக்கமும் டைப்பை பைனரின்னு வெச்சிருங்க, கர்சர் சொன்ன அதே காரணம்தான். 9600ல 40 எம்பின்னா பன்னண்டு மணி நேரம் ஆகும், 38400ல மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பழைய பெட்டில சீரியல் சிப் 8250 வகையா இருந்தா ஒரே ஒரு எழுத்தைத்தான் பிடிச்சு வெச்சிருக்கும், 16550ன்னா பதினாறு, அதனால வேகத்தைப் படிப்படியா ஏத்திப் பாருங்க, ரீட்ரை (திருப்பி அனுப்புற) எண்ணிக்கை ஏறினா ஒரு படி இறங்கிக்கோங்க.

---

மழைத்துளி:

நூல்வால் அண்ணா, பூ ஃபைல் விஷயம் எனக்கே புதுசு. நான் விட்டதை மட்டும் சேர்க்குறேன்.

எடுத்தது சரியானதான்னு பார்க்க: எழுதினவங்க பேஜ்ல ஷா256 ஹேஷ் போட்டிருந்தா, விண்டோஸ்ல சர்ட்யூட்டில்ங்கிற கமாண்ட்லயும் லினக்ஸ்ல ஷா256சம்லயும் நீங்க எடுத்த ஃபைலோட ஹேஷைப் போட்டுப் பாருங்க, ஒரு எழுத்து மாறினாலும் தூக்கிப் போடுங்க. ஆனா சைட்டையே ஒருத்தன் உடைச்சு ஃபைலை மாத்தினான்னா பக்கத்துல இருக்குற ஹேஷையும் மாத்திருப்பான், அதனால ஜிபிஜிங்கிற சாஃப்ட்வேர்ல போட்ட டிஜிட்டல் கையெழுத்து கொடுத்திருந்தா அதையும் சரிபாருங்க. சைட் பேரைப் பார்த்தும் நம்பாதீங்க. எஸ்எஸ்ஹெச்ல பேசுற புட்டிங்கிற சாஃப்ட்வேரை எழுதினவங்க வருஷக்கணக்கா வெச்சிருந்த பேஜ் க்ரீனெண்ட்ங்கிற, புட்டிக்குச் சம்பந்தமே இல்லாத பேர்ல இருந்த டொமைன்ல, அதே நேரம் புட்டிங்கிற பேர்லயே இருந்த இன்னொரு டொமைன் அவங்களோடது கிடையாது. சாஃப்ட்வேரோட உதவிப் பக்கத்துல, இல்ல உங்க லினக்ஸ் பேக்கேஜ் விவரத்துல ஹோம்பேஜ்னு என்ன போட்டிருக்குன்னு பார்த்து அங்க போங்க.

ரெண்டு ரெண்டாத் தெரியுற பேர்: "போட்டோ"ன்னு எழுதும்போது அந்த ஓகாரத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா வெக்கலாம், ஒரே குறியாவும் வெக்கலாம், இரட்டைச் சுழிக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியாவும் வெக்கலாம். பழைய மேக்ல டிஸ்க்ல ஃபைலை வெக்குற ஹெச்எஃப்எஸ் ப்ளஸ்ங்கிற முறை பேரை உடைச்சுத்தான் எழுதும், லினக்ஸ் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கும். அதனால ஒரு தடவை விண்டோஸ்ல இருந்தும் இன்னொரு தடவை மேக்ல இருந்தும் அனுப்பினா, கண்ணுக்கு ஒரே பேர், சர்வருக்கு ரெண்டு ஃபைல். கொ, கோ, கௌ மாதிரி எழுத்தோ ஔவோ வர்ற பேர்ல மட்டும்தான் இது நடக்கும், "படம்"னு பேர் வெச்ச ஃபைல் ஒண்ணாத்தான் இருக்கும், பாருங்க. மேக்ல ஹோம்ப்ரூ வழியா ஃபைல் அனுப்புற ஆர்சிங்க் 3 போட்டு, ஐகான்வ் ஆப்ஷன்ல இந்தப் பக்கம் யூடிஎஃப்-8-மேக், அந்தப் பக்கம் யூடிஎஃப்-8ன்னு கொடுத்தா அனுப்பும்போதே சேர்த்து எழுதிரும்.

---

பழைய_டிஸ்க்:

ஒன்பது நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, கேபிளுக்கே நாலு நாள் போச்சு. முதல்ல எடுத்தது நேர் கேபிள், நூல்வால் சொன்ன மாதிரியே ஒண்ணும் வரல.

பூ ஃபைல் முதல் தடவை பாதில கெட்டுப்போய் க்யூபேசிக் தப்பு காமிச்சுச்சு, வேகத்தை 600க்கு இறக்கி ராத்திரி விட்டுட்டுப் போனேன், காலையில வந்து பார்த்தா கெர்மிட் ப்ராம்ப்ட் வந்து நிக்குது. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. 38400ல ரீட்ரை ஏறிட்டே போச்சு, 19200ல நின்னுச்சு. எட்டு மணி நேரம் ஓடி எல்லா ரீடிங்ஸும் இப்ப சர்வர்ல இருக்கு. அங்க இருந்து எஸ்எஃப்டிபில ரெண்டு லேப்டாப்லயும் ஒரு காப்பி வெச்சுட்டேன், மூணு இடத்துலயும் ஹேஷ் ஒண்ணா இருக்கு. எக்ஸ்பியை தனி ஸ்விட்ச்ல வெச்சு பைனரி போட்டு எடுத்துட்டு எஃப்டிபியை நிறுத்தியாச்சு. ரெண்டு ரெண்டா இருந்த பேர்ல எல்லாம் ஓகாரம் இருக்கு, "படம்" ஒண்ணுதான்.

இனி வாரா வாரம் புது ரீடிங்ஸ் வரும், ஒவ்வொரு தடவையும் 40 எம்பியும் அனுப்பாம புதுசா வந்த ஃபைலை மட்டும் டாஸ் கெர்மிட்ல அனுப்ப வழி இருக்கா?

---

நூல்வால்:

அருமைங்க, அந்த 600 பாட் பொறுமைக்கே பாராட்டணும். சுலபமான வழி டாஸ்லயே இருக்கு. ஃபைலை மாத்தும்போதெல்லாம் டாஸ் அதுக்கு ஆர்க்கைவ் குறி ஒண்ணு போட்டு வெக்கும். இப்ப அட்ரிப் கமாண்ட்ல எல்லா ரீடிங்ஸுக்கும் அந்தக் குறியை எடுத்துடுங்க. அடுத்த வாரம் எக்ஸ்காப்பில எம் ஆப்ஷன் போட்டு ஒரு தனி ஃபோல்டருக்கு காப்பி பண்ணினா குறி இருக்குற புது ஃபைல் மட்டும் அங்க போகும், போனதும் குறியும் போயிரும். அந்த ஃபோல்டரை மட்டும் கெர்மிட்ல அனுப்புங்க, சர்வர்ல வந்து சேர்ந்துச்சான்னு பார்த்துட்டு அப்புறம் காலி பண்ணுங்க, அனுப்புறதுக்கு முன்னாடி பண்ணிடாதீங்க.