பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளைக் கல்லூரி வரை கொண்டுசேர்த்த அனுபவங்கள்: உங்கள் பள்ளியில் எப்படி?

முதுகலை ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி, தருமபுரி மாவட்டம்:

அனைவருக்கும் வணக்கம். தை பிறந்துவிட்டால் எங்கள் பள்ளியில் மூச்சுவிட நேரமிருக்காது. திருப்புதல் தேர்வு, ஆண்டு விழா, செய்முறைத் தேர்வு, பிரிவு உபசார விழா என்று வரிசையாக வந்து நிற்கும். மார்ச் கடைசியில் பொதுத்தேர்வு முடிந்ததும் வளாகம் வெறிச்சோடிவிடும். அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கடைசித் தேர்வு எழுதிவிட்டு வெளியே போன பிள்ளை ஆகஸ்டில் எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று கேட்டால், பல பள்ளிகளில் பதில் சொல்ல ஆளில்லை.

2025இல் மே 8 அன்று பிளஸ் டூ முடிவு வந்தது. மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், தேர்ச்சி பெற்றவர்கள் எல்லாரும் மேலே படிக்கப் போனார்களா என்பதை அந்த எண் சொல்லாது. எங்கள் பக்கத்தில் தேர்வு முடிந்த கையோடு பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். முடிவு வரும்வரைதான் வேலை என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அதற்குள் முதல் சம்பளம் கைக்கு வந்துவிடும். வீட்டில் கடன் இருக்கும் பிள்ளையிடம் அந்தப் பணத்தை விட்டுவிட்டு வா என்று வெறும் வாயால் சொல்ல முடியாது.

அதனால் பிரிவு உபசார விழா நாளில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேக் வெட்டி, படம் எடுத்து முடித்ததும் ஒவ்வொருவரையும் அழைத்து ஒரு நீளக் கணக்கு நோட்டில் இரண்டு தொலைபேசி எண்கள் எழுதி வாங்குவேன். ஒன்று வீட்டு எண். இன்னொன்று பக்கத்து வீட்டு அக்காவோ, மளிகைக் கடைக்காரரோ, மாமாவோ, யாராவது ஒருவருடைய எண். அப்பாவின் செல்போனில் ரீசார்ஜ் தீர்ந்துபோகும். சில வீடுகளில் எண்ணே மாறிவிடும். மளிகைக் கடை எண் மட்டும் எந்தக் காலத்திலும் வேலை செய்யும்.

அதே நோட்டில் சான்றிதழ்களுக்கும் கட்டம் போட்டிருக்கிறேன். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. ஆதாரில் 'எம்' என்றும் பள்ளிப் பதிவேட்டில் 'எம். கே.' என்றும் தலைப்பெழுத்து இருந்தால் போதும், ஜூனில் இ-சேவை மையத்து வரிசையில் அந்தக் குடும்பம் நாள்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். ஜனவரியிலேயே கண்டுபிடித்துவிட்டால் நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கேட்பவர்கள் 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததைக் காட்ட வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்துவிட்டால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நடுநிலைப் பள்ளியில் 8ஆம் வகுப்பு வரை படித்துவிட்டு எங்களிடம் வந்த பிள்ளைக்கு அந்தப் பழைய பள்ளியின் சான்றும் தேவை. மே மாதம் அங்கே போனால் பூட்டுதான் தொங்கும்.

உங்கள் பள்ளிகளில் என்ன செய்கிறீர்கள்? மாணவர்களும் பெற்றோரும் கூட எழுதுங்கள்.

கல்லூரி மாணவர், சேலம் மாவட்டம்:

சார், நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வகுப்பாசிரியரின் நினைவு வந்தது. 2025இல் நான் கணக்குப் பதிவியலில் தேர்ச்சி பெறவில்லை. குறுஞ்செய்தி அப்பாவின் செல்போனுக்குத்தான் வந்தது. அவர் லாரியில் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போயிருந்தார். அங்கிருந்து அம்மாவுக்குச் சொன்னார். நான் வீட்டை விட்டுக் கிளம்பி ஏரிக்கரைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். மதியம் வகுப்பாசிரியர் இருசக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். எவ்வளவு மதிப்பெண் என்று அவர் கேட்கவே இல்லை. "ஜூன் கடைசியில் துணைத் தேர்வு. விண்ணப்பத்துக்கு நாளைக்குக் காலையில் பள்ளிக்கு வந்துவிடு" என்றார். பிறகு அம்மாவிடம் போய், இந்த ஒன்றரை மாதத்துக்கு மட்டும் பையனை வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கோடை விடுமுறையிலும் கணக்குப் பதிவியல் ஆசிரியை வாரத்தில் சில நாள் வந்து பாடம் நடத்தினார். வகுப்பறை பூட்டியிருந்ததால் தாழ்வாரத்தில்தான் உட்கார்ந்தோம். கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல் இரண்டையும் விடாமல் போட்டுப் பழக்கினார். ஆண்டு முழுவதும் எனக்குப் பிடிபடாத மறுமதிப்பீட்டுக் கணக்கு அந்தத் தாழ்வாரத்தில்தான் பிடிபட்டது. ஜூலை கடைசியில் முடிவு வந்தது. அந்த நேரத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகளில் காலியிடம் இருக்கும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராத பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் 'உயர்வுக்குப் படி' முகாமுக்கு வகுப்பாசிரியர்தான் அனுப்பினார். கல்லூரிகளின் மேசைகள், சான்றிதழுக்கு ஒரு மேசை, வங்கிக்கு ஒன்று என்று எல்லாம் ஒரே கூடத்தில் இருந்தன. இப்போது பி.காம். படிக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ், உணவு, நோட்டு எல்லாம் அதிலேயே முடிகிறது.

துணைத் தேர்வு எழுதும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், இந்த ஆண்டு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பொறியியலிலும் துணைத் தேர்வில் தேறியவர்களுக்குத் துணைக் கலந்தாய்வு உண்டு.

ஒரு மாணவியின் தாய், திருவண்ணாமலை மாவட்டம்:

நான் தையல் வேலை செய்கிறேன். ஆசிரியர் ஐயாவுக்கு என் நன்றி. எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டு, நாடகம், பரிசளிப்பு எல்லாம் நடந்தன. நடுவில் தலைமையாசிரியை அம்மா, அதே பள்ளியில் படித்துவிட்டு இப்போது செவிலியர் படிப்பில் இருக்கும் ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்தார். அந்தப் பெண் பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை. அரசு விடுதியில் காலையில் என்ன சாப்பாடு, அறையில் எத்தனை பேர், வார்டன் இரவில் எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார், ஊருக்கு வர யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொன்னாள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மகளை வெளியூரில் விட எனக்கும் என் கணவருக்கும் பயம். அந்தப் பயத்தைப் பற்றி அதுவரை யாரும் எங்களிடம் பேசியதில்லை. படிக்க வையுங்கள் என்று மட்டும்தான் சொல்வார்கள். கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணைப் பிடித்து இன்னும் நிறையக் கேட்டேன். என் மகள் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டப் பணம் அவள் பெயரிலுள்ள கணக்கில் விழுகிறது. அதைச் செலவு செய்ய அவள் என்னிடம் கேட்க வேண்டியதில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

தலைமையாசிரியர், விருதுநகர் மாவட்டம்:

அந்தத் தாய் சொன்னதை எல்லாப் பள்ளிகளும் செய்யலாம். இன்றைக்கு ஆண்டு விழாவுக்கு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு நிதி தருகிறது. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வீடு வீடாக வசூல் செய்த காலம் மாறிவிட்டது. செய்முறைத் தேர்வு தொடங்குமுன் விழாவை முடித்துவிடுங்கள். பிப்ரவரி பிறந்துவிட்டால் பிளஸ் டூ பிள்ளைகளின் மனம் விழாவில் ஒட்டாது.

பிரிவு உபசார விழாவில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரே நிறப் புடவை, ஒரே நிறச் சட்டை, தலைக்கு இவ்வளவு என்று மாணவர்களே வசூலிக்கத் தொடங்கிவிட்டார்கள். தர முடியாத பிள்ளை அன்று வயிற்றுவலி என்று சொல்லி விடுப்பு எடுத்துக்கொள்ளும். யாரை நாம் கட்டாயம் பார்க்க வேண்டுமோ அந்தப் பிள்ளைதான் அன்று வருவதில்லை. ஆசிரியர் சொல்லும் கணக்கு நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே கட்டம் காலியாகவே கிடக்கும். எங்கள் பள்ளியில் வசூலை நிறுத்திவிட்டோம். சீருடையில்தான் விழா, சாப்பாடு பள்ளி மேலாண்மைக் குழுவின் பொறுப்பு. குழுவிலுள்ள முன்னாள் மாணவர்கள் பரிமாறுகிறார்கள். முதலில் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அந்த ஆண்டு வருகைப் பதிவேட்டில் ஒருவர்கூட விடுபடவில்லை.

முடிவு வரும் நாளுக்கு முந்தைய மாலையே, தேறுவார்களா என்று சந்தேகம் உள்ளவர்களின் பெயர்களை ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். காலையில் முடிவு வெளியான அரை மணி நேரத்துக்குள் அவர்களோடு பேசியாக வேண்டும். கலங்கிப்போயிருக்கும் பிள்ளைக்கு 104, 14416 இரண்டு எண்களையும் சொல்லுங்கள்; இரண்டிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். ஹால் டிக்கெட் கொடுக்கும்போதே இந்த எண்களை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

முதுகலை ஆசிரியர், தருமபுரி மாவட்டம்:

ஐயா, வராத பிள்ளையைப் பற்றி நீங்கள் சொன்னதை இந்த ஆண்டே எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கிறேன். வசூல் வேண்டாம் என்று சொன்னபோது பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் எதிர்ப்பு வந்ததா, சாப்பாட்டுச் செலவைக் குழு எப்படிச் சமாளிக்கிறது என்பதையும் எழுதினால் பேச எளிதாக இருக்கும். சேலத்துத் தம்பி, எங்கள் பிள்ளைகளில் துணைத் தேர்வு எழுதப்போகிறவர்களிடம் நீங்கள் ஒருநாள் பேச முடியுமா? மே மாதக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பஸ் செலவு என்னுடையது.