பென்னிகுவிக்: இந்தப் பெயரை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

கம்பத்துக்காரன்

எட்டாம் வகுப்பில் என்னோடு இரண்டு பென்னிகுவிக் படித்தார்கள். ஒருவன் உயரம், அதனால் பெரிய பென்னி. இன்னொருவன் சின்ன பென்னி. டீக்கடை, உரக்கடை என்று எங்கே திரும்பினாலும் அந்தப் பெயர்தான். தேனிப் புது பஸ் ஸ்டாண்டுக்கே, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக் பெயர். அதனால் வேலைக்காக இங்கிலாந்து கிளம்பியபோது, நம்மூரில் முருகேசன் மாதிரி அங்கே தெருவுக்கு ஒரு பென்னிகுவிக் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ரெடிங்கில் நாலு வருஷம் ஆகிவிட்டது. ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. ஆபீஸில் கேட்டால், "டச்சுப் பெயரா?" என்கிறார்கள். போன மாதம் எங்கள் டீமுக்கு ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பேப்பரில் எழுதிக் காட்டினேன். பார்த்ததுமே "பெனிகுக்" என்றார்.

"குவிக் இல்லையா?"

"குக்."

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே போய்விட்டது. பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவரின் பெயரையே ஊர் முழுக்கத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமா? அவர் இன்னொன்றும் சொன்னார். அது ஆள் பெயர் ஆவதற்கு முன்னால் ஊர்ப் பெயராம். அவருக்குத் தெரிந்தவர்களிலும் அந்தப் பெயர் உள்ளவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் கடைசியில் 'சி-ஓ-ஓ-கே' என்று எழுதுவார்களாம், சமையல்காரர் மாதிரி.

அணையைப் பற்றிப் பேச வேறு இழைகள் நிறைய இருக்கின்றன. இங்கே பெயரை மட்டும் பேசுவோம். யார் எங்கே பார்த்தீர்கள்?

லீத் அக்கா

தம்பி, நானும் அந்தக் 'குக்'கில் தடுக்கி விழுந்தவள்தான். எடின்பரோவில் 37ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, "பெனிகுயிக் போகுமா?" என்று கேட்டேன். டிரைவருக்குப் புரியவில்லை. போனில் மேப்பைக் காட்டினேன். "ஓ, பெனிகுக்! போகும், ஏறுங்க" என்றார். அத்தனை எழுத்தையும் எழுதிவிட்டுப் பாதியை விழுங்குவது இவர்கள் வழக்கம். இங்கே ஒரு குடும்பப் பெயரை எழுதுவது மென்சீஸ், பழைய முறையில் சொல்வது மிங்கிஸ். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

ஊர் எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர். ஒரு பக்கம் பென்ட்லேண்ட் குன்றுகள், கீழே நார்த் எஸ்க் ஆறு. ஒரு காலத்தில் காகித ஆலைகளால் பிழைத்த ஊர். முதல் ஆலை 1709-ல் வந்தது. நெப்போலியன் போர்க் காலத்தில் கைதிகளைக் கொண்டுவந்து அந்த ஆலையில்தான் அடைத்துவைத்தார்கள். அங்கேயே இறந்துபோன 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

இப்போது பெயருக்கு வருகிறேன். ஆங்கிலம் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் பேசிய மொழி கும்பிரிக். வெல்ஷ் மொழிக்கு உடன்பிறப்பு. அதில் 'பென்' என்றால் தலை, குன்றின் உச்சி. 'கோக்' என்றால் குயில். ஆக, பெனிகுக் என்றால் குயில் குன்று. இதைப் படித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நம் ஆட்களில் பாதிப் பேர் 'பென்னிகுயிக்' என்றுதானே எழுதுகிறோம்? தெரியாமலேயே குயிலை உள்ளே வைத்திருக்கிறோம்! (இதை வைத்து உலக மொழிகளெல்லாம் தமிழிலிருந்து வந்தவை என்று யாரும் ஆரம்பித்துவிட வேண்டாம். வெறும் தற்செயல். குயிலும் நம் கறுப்புக் குயில் இல்லை. சாம்பல் நிறத்தில், 'குக்கூ' என்று கூவுகிற வேறு ஜாதி.)

ஊரில் பழைய சர்ச் இடுகாட்டைச் சுற்றி வந்தேன். கிளார்க் குடும்பத்தின் கல்லறை மண்டபம் பிரமிடு மாதிரிக் கூரையோடு நிற்கிறது. பெனிகுக் என்ற பெயரில் நான் பார்த்தவரை ஒரு கல்லும் இல்லை. அங்கே இலை கூட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "ஊர்ப் பெயர் ஒட்டுவது ஊரை விட்டுப் போனவனுக்குத்தானே?" என்றார். தம்பி, நீங்கள் கம்பத்துக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கம்பத்தில் யாராவது உங்களை அப்படிக் கூப்பிடுவார்களா?

ஆரம்பத்தில் பெனிகுக் ஊர் நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பமே அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தது. பிறகு நிலம் கைமாறியது. பாரிசில் வியாபாரம் செய்து காசு சேர்த்த ஜான் கிளார்க் 1654-ல் வாங்கினார். அந்த நிலத்துக்கு ஒரு வேடிக்கையான வாடகை உண்டு: ராஜா எடின்பரோ வெளியில் வேட்டைக்கு வந்தால், நிலத்துக்காரர் ஒரு குறிப்பிட்ட கல்லின் மேல் உட்கார்ந்து மூன்று முறை கொம்பு ஊத வேண்டும். நெல் அளக்க வேண்டாம், காசு கட்ட வேண்டாம். கிளார்க் குடும்பச் சின்னத்தில் இன்றைக்கும் கொம்பு ஊதுகிற ஆள்தான்.

வரிக்குதிரை

அதே ஊர்க்காரர் ஜேம்ஸ் கோசர் எவார்ட், 1890-களில் அங்கே வரிக்குதிரையையும் குதிரையையும் சேர்த்துக் குட்டி போடவைத்து ஆராய்ச்சி செய்தார். விலங்கியல் படித்தபோது அந்த ஆராய்ச்சியின் பெயரில்தான் இந்த ஊர்ப் பெயரை முதலில் பார்த்தேன். அதிலும் வேறு ஸ்பெல்லிங். அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தி எழுதி, வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பழைய ஏடு

ஸ்பெல்லிங்கில்தான் இந்தப் பெயரின் கதையே இருக்கிறது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பொழுதுபோக்காக மற்றவர்களின் வம்சாவளியைத் தேடிக் கொடுக்கிறேன். ஒரு பக்கத்து வீட்டுக்காரருக்காக இந்தப் பெயரில் இறங்கினேன். ஆறு மாதம் விழுங்கிவிட்டது.

முதல் பாடம்: கர்னல் எழுதிய 'யூ-ஐ-சி-கே' மட்டும் வைத்துத் தேடினால் கைக்கு எதுவும் சிக்காது. ஊருக்கு ஒரு எழுத்து, கர்னலுக்கு ஒரு எழுத்து, ஃபைஃப் நண்பருக்கு ஒரு எழுத்து. 1652 முதல் 1722 வரை வாழ்ந்த டாக்டர் அலெக்சாண்டர் பெனிகுக், ட்வீட்டேல் வட்டாரத்தின் செடிகொடி, ஆறு, வீடு எல்லாவற்றையும் எழுதிவைத்த மருத்துவர், கவிதையும் எழுதுவார். அவர் பெயரில் நடுவில் ஒரு 'இ' நுழைந்துவிடும். அதே காலத்தில் எடின்பரோவில் இன்னொரு அலெக்சாண்டர் பெனிகுக் இருந்தார். அவரும் கவிஞர்! 1730-ல் இறந்தார். இருவரையும் ஒருவராக்கிக் குழப்பியவர்கள் ஏராளம். இரண்டு வாரம் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

ஏன் இத்தனை எழுத்து? சொல்கிறவருக்கு எழுதத் தெரியாது. பாதிரியாரோ கணக்கெடுப்புக் குமாஸ்தாவோ காதில் விழுந்ததை எழுதுவார். அந்த ஊர் தெரிந்த குமாஸ்தா ஊரைப் போலவே எழுதிவிடுவார். தெரியாத குமாஸ்தாவுக்கு அது ஒரு பென்னிக் காசும் ஒரு சமையல்காரரும். அப்படியே எழுதிவிடுவார். அந்த 'சமையல்காரர்' வடிவம்தான் இன்றைக்கு அதிகம் புழங்குகிறது. கர்னலின் எழுத்து அபூர்வம்.

தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு இறப்பு அரசுப் பதிவு 1837-ல் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855-ல்தான். தாமதமாக வந்தாலும் ஸ்காட்லாந்துப் பதிவு உசத்தி. அங்கே இறப்புப் பதிவில் அப்பா பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். இங்கிலாந்தின் பழைய இறப்புச் சான்றிதழில் அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பப் பெயர்கள் எந்த மாவட்டத்தில் குவிந்திருக்கின்றன என்று படம் போடுகிறவர்கள் பெரும்பாலும் 1881 கணக்கெடுப்பைத்தான் எடுக்கிறார்கள். முழுசாகத் தட்டச்சு செய்து வைத்திருப்பதால் வசதி.

ஆனால் ராணுவக் குடும்பங்களை அந்தப் படத்தில் பிடிக்க முடியாது. கர்னலையே பாருங்கள். பெயர் ஸ்காட்லாந்து ஊரின் பெயர். அவர் பிறந்ததோ 1841-ல் புனேயில். அப்பாவும் ஜான் பென்னிகுவிக்தான், பிரிகேடியர். 1849 ஜனவரியில் பஞ்சாபின் சில்லியன்வாலா சண்டையில் அவரும் பதினேழு வயது மகன் ஒருவனும் ஒரே நாளில் செத்தார்கள். நம் கர்னலுக்கு அப்போது எட்டு வயதுகூட முழுசாக ஆகவில்லை. பெரியாறு வேலையை முடித்துவிட்டுப் போய், 1911-ல் சர்ரேயில் இறந்தார். அவர் மகன் இன்னொரு ஜான், லண்டனில் பெரிய நீதிபதியானார். இதில் அந்தக் குயில் குன்றில் பிறந்தவர் யார்?

வைகைப் பாசனம்

இங்கிலாந்தில் இருந்த சொத்தையெல்லாம் விற்றுத்தானே அணை கட்டினார்? அதை யாருமே சொல்லவில்லையே.

பழைய ஏடு

ஊரில் எல்லோரும் சொல்கிற கதை. நானும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் கட்டிய அரசு வேலை. அந்த மனுஷர் காட்டிலும் மழையிலும் காய்ச்சலிலும் நின்று வேலையை முடித்தாரே, அது போதாதா? கதை இல்லாமலேயே கும்பிடலாம். சரி, பெயருக்கே திரும்புவோம்.

பறவைப் பையன்

பிரிஸ்டலில் உயிரியல் முதுகலை படிக்கிறேன். நூலகத்தில் பறவைகள் பறக்கும் விதம் பற்றித் தேடிக்கொண்டிருந்தால், திரையில் வரிசையாக பென்னிகுவிக், பென்னிகுவிக், பென்னிகுவிக். சொந்த ஊர் உத்தமபாளையம். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அவர் காலின் பென்னிகுவிக், கர்னலின் அதே ஸ்பெல்லிங். எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2019-ல் காலமானார். ஒரு பறவை பறக்க எவ்வளவு சக்தி செலவாகும் என்று விமானப் பொறியாளர்களின் கணக்கைப் பறவைக்குப் போட்டுப் பார்த்தவர். புறாவைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு அளந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தபோது, மோட்டார் கிளைடரில் ஏறி கழுகுகளுக்குப் பின்னாலேயே பறந்து போனார்.

லீத் அக்கா சொன்ன பிறகுதான் பெயருக்குள் குயில் இருப்பதே தெரிந்தது. குயில் குன்றுக்காரர் பறவையைத் துரத்திப் போயிருக்கிறார். கர்னலுக்கு இவர் என்ன முறை என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒரே பெயர் இருந்தால் உறவு என்று அப்பா அடித்துச் சொல்கிறார். பெரிய பென்னியும் சின்ன பென்னியும் பங்காளிகளா அப்பா?

பொங்கல் கோஷ்டி

ஃப்ரிம்லி போனவர்கள் யாரும் இல்லையா? சர்ரேயில் செயின்ட் பீட்டர் சர்ச், அங்கேதான் கர்னலின் கல்லறை. ஜனவரி 15 அவர் பிறந்தநாள், நமக்குப் பொங்கலை ஒட்டி வருகிறது. பாலார்பட்டியில் அன்றைக்கு அவருக்குப் பொங்கல் வைப்பார்கள். நாங்கள் ஐந்து பேர், ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கலோடு ரயில் ஏறினோம். நல்ல குளிர், கையுறையைக் கழற்றினால் விரல் வலிக்கிறது. நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "இவர் உங்கள் சொந்தக்காரரா?" என்று கேட்டார். என்ன சொல்வது? எங்களில் ஒருவன் சட்டென்று, "எங்கள் ஊரில் இவர் பெயரில் ஐம்பது பேராவது இருக்கிறார்கள்" என்றான். அந்த அம்மா, "எனக்கு ஒருவரைக்கூடத் தெரியாது" என்றார். பொங்கல் கொடுத்தோம். முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றார்.

பக்கத்திலேயே கேம்பர்லியில் 2022-ல் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை வைத்தது. அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

சின்னமனூர் மகள்

இவ்வளவு நேரம் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. என் குடும்பப் பெயரே பென்னிகுவிக்.

எங்கள் தாத்தாவுக்கு ஐந்து ஏக்கர் நெல் வயல், எல்லாம் பெரியாற்றுத் தண்ணீர். மகன் பிறந்ததும் அந்தப் பெயரை வைத்துவிட்டார். அப்படித்தான் அப்பா பென்னிகுவிக் ஆனார். பள்ளியில் எனக்கு அது வெறும் இன்ஷியல், 'பெ'. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக பாஸ்போர்ட் எடுத்தபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று ஏஜென்ட் அப்பா பெயரை எழுதிவிட்டார். எடின்பரோவில் இறங்கிய நாளிலிருந்து என் சம்பளச் சீட்டு, பேட்ஜ், வங்கி அட்டை எல்லாவற்றிலும் நான் மிஸ் பென்னிகுவிக்.

முதல் வாரமே வார்டில் ஒரு பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேட்ஜைப் படித்தார். படித்துவிட்டு முகத்தைப் பார்த்தார். திரும்பவும் பேட்ஜ். "பெனிகுக்! கல்யாணமா?" என்றார். ஸ்காட்லாந்துக்காரரைக் கட்டிக்கொண்டேனா என்று கேட்கிறார். இல்லை பாட்டி, அப்பா பெயர் என்றேன். அப்பா எந்த ஊர் என்றார். சின்னமனூர் என்றேன். "அது ஃபைஃபிலா இருக்கிறது?" என்று கேட்டாரே பார்க்கலாம்! அன்றைக்கு இருந்த வேலையில் விளக்க நேரமில்லை. ஆமாம் பாட்டி, கொஞ்சம் தள்ளி என்று சொல்லிவிட்டு மாத்திரையைக் கொடுத்தேன். பழைய ஏடு ஐயா படத்தில் என்னை எங்கே புள்ளி வைப்பார் என்று தெரியவில்லை.

இப்போது ஒரு நிஜமான சிக்கல். போன வாரம் மகன் பிறந்தான். ஸ்காட்லாந்தில் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். நம் வழக்கப்படி அவனுக்கு அவன் அப்பா பெயர்தான் இன்ஷியல். ஆனால் வீட்டுக்காரரோ, "மாமா பெயரே இருக்கட்டும், உன்னோடு சேர்ந்து போகும்" என்கிறார். சின்னமனூரில் அப்பாவுக்குச் சொன்னோம். இரண்டு நாளாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

லீத் அக்கா

வாழ்த்துகள் கண்ணு! பத்தியச் சாப்பாடு யார் செய்கிறார்கள்? நான் அரை மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறேன். பூண்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவருகிறேன், விலாசத்தைத் தனிச் செய்தியில் அனுப்பு.

கம்பத்துக்காரன்

அப்படியென்றால் நான் நாலு வருஷமாகத் தேடின ஆள் சின்னமனூரா! தம்பிக்கு வாழ்த்துகள்.

பழைய ஏடு

அம்மா, ஒரே ஒரு வேண்டுகோள். பதிவு அலுவலகத்தில் பெயரை வாயால் சொல்லாதே. பேப்பரில் எழுதிக் கொண்டுபோய்க் கொடு.