குழலிக்குத் தம்பி பிறந்திருக்கிறான், பெயர் சொல்லுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கிளிநொச்சி, இரணைமடுப் பக்கம். மூத்தவள் குழலிக்கு 4 வயது. தம்பி பிறந்து 18 நாள். 31-ஆம் நாள் துடக்கு (பிறப்புத் தீட்டு) கழிக்க முன்னம் பெயர் முடிவாக வேணும்.

நட்சத்திரம் ரோகிணி; எழுத்து ஓ, வ, வி, வு. இவருடைய தங்கை வினுஷன், விதுர்ஷன் என்று வரிசையாக அனுப்புகிறா. குழலிக்குப் பக்கத்தில் அதுகள் ஒட்டவில்லை.

எனக்குப் பிடித்தது வளவன். சோழருக்கு இருந்த பெயர். ஆனால் மாமா கேட்டவுடனே, "வளவுக்குள்ளயே நிக்கப் போறானோ?" என்று சிரித்துவிட்டார். இப்போது எனக்கும் வீட்டு வளவின் வேலியும் படலையும்தான் கண்ணுக்குள் வருகிறது. சரி, வாகையன் என்று பார்த்தால் குழலி "வாயன்" என்று கூப்பிடுகிறாள். ஓவியன் சொந்தத்துக்குள்ளேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ழ மட்டும் வேண்டாம். குழலிக்குப் பிறப்புப் பதிவில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து, கிளினிக் அட்டையில் வேறு எழுத்து. முன்பள்ளியில் சேர்க்கப் போனபோது, "இது இரண்டு பிள்ளையோ?" என்று கேட்டார்கள்.

குசினிக்குள் நின்று இரண்டு பேரையும் ஒரே மூச்சில் கூப்பிட வர வேண்டும். அதனால் நாலு எழுத்துக்குள் இருந்தால் நல்லது. எங்கட பக்கத்துக் காடு, குளம், மரம் என்று வ-வில் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கோ. அர்த்தத்தையும் எழுதுங்கோ, மாமாவுக்குப் பதில் சொல்ல வேணும்.