பட்டு ஜாக்கெட் துணியில் தையல் சுருங்குகிறது, வீட்டில் தைக்க உண்மையிலேயே என்னென்ன சாமான் வேண்டும்?

செம்பருத்தி (தஞ்சாவூர்):

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் மிதி மெஷின் இப்போது என் வீட்டுக்கு வந்துவிட்டது. கறுப்பு மெஷின், இரும்புக் கால், தோல் பெல்ட். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு முட்டி வலி, மிதிக்க முடியவில்லை, நீயாவது தை என்று அனுப்பிவிட்டார். நான்கு மாதமாக யூடியூப் பார்த்துத்தான் தைக்கிறேன். பெண்ணுக்கு இரண்டு பாவாடை, தலையணை உறைகள், எனக்கு ஒரு காட்டன் ஜாக்கெட், இவ்வளவுதான் இதுவரை.

காட்டன் ஜாக்கெட் சுமாராக வந்தது. அந்தத் தைரியத்தில் பட்டுப் புடவையோடு வந்த ஜாக்கெட் துணியை எடுத்து, ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தைத்துப் பார்த்தேன். தையல் போன வழியெல்லாம் துணி சுருங்கிக்கொள்கிறது. சில இடத்தில் தையலே விழவில்லை, தாண்டிப் போகிறது. திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் கூடு கட்டியிருக்கிறது. பாபின் கேஸ் (அடி நூல் சுற்றிய பாபினை வைக்கும் டப்பி) திருகை முறுக்கினேன், தளர்த்தினேன், ஒன்றும் சரியாகவில்லை. கடையில் தைக்கக் கொடுக்கலாம், ஆனால் தீபாவளி சமயத்தில் மூன்று வாரம் ஆகும். போன தடவை கையை இறுக்கித் தைத்துக் கொடுத்து, பிரித்து விட உள்ளே துணியும் விடவில்லை. எனக்கே கற்றுக்கொள்ள ஆசை.

கையில் 1,500 ரூபாய் இருக்கிறது. ஆன்லைனில் நூறு சாமான் போட்ட தையல் பெட்டி வருகிறது. அதை வாங்கலாமா? நீங்கள் தினமும் கையில் எடுக்கும் சாமான் எது? எது இல்லாமல் உங்களால் தைக்க முடியாது?


ஊசிநூல் (மதுரை):

அந்தப் பெட்டி வேண்டாம்மா. அதில் வரும் கத்தரி பட்டுத் துணியை வெட்டாது, கடிக்கும். நூல் கண்டுகளோ ஒரு ஜாக்கெட்டுக்குக் கூடப் போதாத அளவில் இருக்கும்.

முதலில் உங்கள் பிரச்சினை. அம்மாவின் மெஷினில் இருக்கும் ஊசியை எப்போது மாற்றினீர்கள்? பெரும்பாலும் அது 16-ம் நம்பர் ஊசியாக இருக்கும். பாவாடை, திரைச்சீலை, ஜீன்ஸ் ஓரம் மடிப்பது என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்று நம் வீடுகளில் ஓட்டிக்கொண்டிருப்போம். பட்டில் அந்தக் கனத்த ஊசி இறங்கினால் இழையைத் தள்ளிக்கொண்டுதான் போகும், துணி சுருங்காமல் என்ன செய்யும்? பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் 11 (பாக்கெட்டில் 75/11 என்று இருக்கும்), சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்ஸ் மாதிரி கனத்த துணிக்கு 16. முனை மழுங்கிவிட்டதா என்று பார்க்க, ஊசியைக் கழற்றி நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று கீறினால் தூக்கிப் போடுங்கள். மாட்டும்போது ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இருக்க வேண்டும், மேலே முட்டும்வரை ஏற்றிவிட்டுத் திருகை முறுக்குங்கள். ஊசி கொஞ்சம் கீழே இறங்கி நின்றாலும் தையல் தாண்டும்.

அடுத்தது அடியில் கூடு கட்டுவது. எல்லோரும் செய்யும் தப்பைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். கூடு அடியில் தெரிவதால் பாபின் மேல் சந்தேகம் வருகிறது, ஆனால் கோளாறு மேல் நூலில். நூல் கோக்கும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைக்க வேண்டும். ஃபுட் இறங்கியிருந்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டு இரண்டும் இறுக மூடிக்கொள்ளும், நூல் நடுவில் போகாமல் மேலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் முதல் நான்கைந்து தையலுக்கு மேல் நூல் அடி நூல் இரண்டின் நுனியையும் பின்னால் பிடித்துக்கொண்டு மிதியுங்கள். மிதி மெஷினுக்கே உரிய இன்னொன்று: சக்கரம் எப்போதும் நம் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். கால் தடுமாறி ஒரு சுற்று எதிராகப் போனால் போதும், நூல் சிக்கி அறுந்துவிடும். நான் பழகும்போது ஊசியில் நூலே கோக்காமல் பழைய செய்தித்தாளில் கோடு போட்டு ஒரு வாரம் அதன் மேல் மிதித்தேன். அதற்குப் பிறகுதான் கை சொன்னதைக் கால் கேட்டது. அந்த ஊசியைத் துணிக்கு வைக்காதீர்கள், தாள் ஊசியை மழுக்கிவிடும்.

பாபின் கேஸ் திருகைக் கலைத்துவிட்டீர்கள் இல்லையா, அதைச் சரிசெய்வது எளிது. பாபினைக் கேஸில் போட்டு நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா இருக்கும்போது கீழே இறங்கக் கூடாது, கையை லேசாக உதறினால் ஒரு இரண்டு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். தானாகவே விழுந்துகொண்டே போனால் தளர்வு, உதறியும் அசையவில்லை என்றால் இறுக்கம்.

இவ்வளவு நாள் சும்மா கிடந்த மெஷின் என்றால் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். ஓட்டைகளில் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டித் துடைத்துவிட்டு, பிறகு மெஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். குளிர் காலத்தில் உறையும், நாள்பட்டால் பசையாகும். பக்கத்து வீட்டு மெஷின் ஒன்றை அப்படித்தான் முழுதாகக் கழற்ற வேண்டி வந்தது.

வாங்க வேண்டியது என்று கேட்டால் ஒரு நல்ல கத்தரி. ஒன்பது அங்குலம், பித்தளைக் கைப்பிடி போட்ட மீரட் கத்தரி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், அந்த ஊர்க் கத்தரிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம், எறிய வேண்டாம். என்னுடையது 19 வருடமாகிறது. அதில் காகிதம் வெட்ட வீட்டில் யாரையும் விட்டதில்லை. கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருக்கிறேன், சிவப்பு கட்டிய கத்தரியைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு மூன்று வயதிலேயே தெரியும்.


பாவும் ஊடையும் (திருப்பூர்):

ஊசிநூல் அக்கா ஊசியைச் சொல்லிவிட்டார். நான் பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தவன், இப்போது வீட்டில் மனைவிக்கும் அம்மாவுக்கும் நான்தான் தைக்கிறேன். என்னைக் கேட்டால் தையல் மெஷினுக்கு அடுத்த சாமான் இஸ்திரிப் பெட்டி. அதைத் தையல் சாமானாகவே யாரும் நினைப்பதில்லை, துணி தைத்து முடித்த பிறகுதான் தேய்க்கிறார்கள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு தையல் முடிந்ததும் ஒரு தடவை. முதலில் தையல் கோட்டின் மேலேயே அழுத்தி எடுங்கள், பிறகு உள்பக்கம் இரண்டு ஓரத்தையும் பிரித்து வைத்து அழுத்துங்கள். வீட்டில் தைத்தது போல இருப்பதற்கும் கடையில் தைத்தது போல இருப்பதற்கும் பாதி வித்தியாசம் இங்கேதான். பட்டுக்கு மிதமான சூடு, உள்பக்கம் திருப்பி, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி போட்டு. தண்ணீர் தெளிக்க வேண்டாம், கறை நிற்கும்.

ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணியை நனைத்தீர்களா? இதை யாரும் கேட்கவில்லை. காட்டன் லைனிங்கை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, முறுக்காமல் உலர்த்தி, தேய்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் சுருங்கும், மேலே பட்டு அப்படியே இருக்கும், ஜாக்கெட் முழுக்க உப்பி உப்பி நிற்கும். அதற்கு மருந்தே கிடையாது, பிரிக்க வேண்டியதுதான்.

துணியை நேர் நூலில் வெட்டுங்கள். கரை ஓடும் திசைதான் பாவு, அது அதிகம் இழுபடாது. குறுக்கே ஓடும் ஊடை கொஞ்சம் இழுபடும். மூலைவாட்டில் இழுத்தால் நன்றாகவே இழுபடும், அதனால்தான் கழுத்து ஓரத்தில் பைப்பிங்காக வைத்துத் தைக்கும் கிராஸ் பீஸ் என்ற துண்டை 45 டிகிரியில் வெட்டுகிறோம், வளைவில் அது படுத்துக்கொள்ளும். நேராக வெட்டிய துண்டை வைத்துவிட்டு கழுத்து மடங்கி நிற்கிறது என்று வருத்தப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பட்டு இன்னும் சுருங்கினால், மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தி, தையல் நீளத்தை ஒரு புள்ளி கூட்டுங்கள். அப்போதும் கேட்கவில்லையென்றால் துணிக்கு அடியில் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிடலாம். பிள்ளைக்குப் பனியன் துணி தைக்கும் எண்ணம் வந்தால் மட்டும் தனியாக பால் பாயின்ட் ஊசி வாங்குங்கள், சாதாரண ஊசி அந்தப் பின்னலை அறுத்து ஓட்டை போடும்.


செம்பருத்தி (தஞ்சாவூர்):

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஊசியைக் கழற்றி நகத்தில் இழுத்துப் பார்த்தேன், கோடே விழுந்தது. 16-ம் நம்பர்தான்! 11 மாற்றி, ஃபுட்டைத் தூக்கி நூல் கோத்து, அதே பட்டுத் துண்டில் ஓட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தையல், மணி மணியாக. அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன், உடனே போன் செய்துவிட்டார்.

இன்னும் ஒரு கேள்வி. நான் தைத்த காட்டன் ஜாக்கெட்டில், கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுதும் கூடவே மேலே ஏறுகிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இடுப்பில் கீழ்ப் பட்டி நிற்பதில்லை. கை இறுக்கமாக இருக்கிறதோ என்று கைக்குழியை (கை வந்து சேரும் வளைவை) இன்னும் ஆழமாக வெட்டிவிட்டேன், இப்போது முன்னைவிட மோசம். பட்டில் கத்தரி வைக்கும் முன் இது தெரிய வேண்டும்.


கொக்கிப்பட்டி (நாகப்பட்டினம்):

ஐயோ, இதைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆழமாக வெட்டியதுதான் தப்பு தோழி. கைக்குழி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு ஜாக்கெட்டைக் கை தன்னோடு தூக்கிக்கொண்டு போகும். அக்குளுக்குப் பக்கத்தில் உயரமாக இருந்தால்தான் கை தனியாக அசையும், உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும். கை இறுக்கம் என்றால் குழியை இறக்கக் கூடாது, கையின் சுற்றளவைக் கூட்ட வேண்டும். எனக்கு இது புரியவே ஆறு ஜாக்கெட் ஆனது. வெட்டியதை மீட்க, அக்குள் பக்கம் ஜாக்கெட் தளர்வாக இருந்தால் பக்கத் தையலை மேலே கொஞ்சம் உள்வாங்கித் தைத்துப் பாருங்கள், ஓரளவு சரியாகும்.

பட்டுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். உங்களுக்கு உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்த பழைய ஜாக்கெட் ஒன்று இருக்கும், துணி நைந்து, இனிமேல் போட முடியாது என்று வைத்திருப்பீர்களே, அது. அதைத்தான் நான் முதல் சாமான் என்பேன். மெதுவாகத் தையல் தையலாகப் பிரியுங்கள். முன்பக்கம், முதுகு, கை, பட்டி என்று தனித்தனியாக எடுத்துத் தேய்த்து, பிரவுன் பேப்பரில் வைத்து வரையுங்கள். டாட் (உடம்புக்குப் பொருந்த மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்த இடம், கை தோளில் சேரும் புள்ளி எல்லாவற்றையும் குறியுங்கள். செய்தித்தாளில் வரையாதீர்கள், மை வெளிர் நிறத் துணியில் ஏறும். இந்தப் பேப்பரை வைத்து முதலில் பழைய வேட்டித் துணியில் ஒரு ஜாக்கெட் தையுங்கள். கொக்கி வைக்க வேண்டாம், ஊக்கு குத்திப் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். தப்பு இருந்தால் பேப்பரில் திருத்துங்கள். பட்டு அதற்குப் பிறகுதான். ஒரு சாயங்காலம் கூடுதலாகும், ஆனால் பட்டில் ஒரு தடவை போட்ட ஊசித் துளை பிரித்தாலும் மறையாது.

அதே காரணத்துக்காகப் பட்டில் குண்டூசி குத்துவதென்றால் தையலுக்கு விட்ட ஓரத்துக்குள் மட்டும். மற்ற இடத்துக்கு ஜெம் கிளிப் போதும். குறி போட சாக்பீஸ் தேடி அலைய வேண்டாம், தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டு இருக்கிறதே, அது காட்டனில் கூர்மையாகக் கோடு போடும், துவைத்தால் போய்விடும். பட்டுக்கு அது வேண்டாம், உள்பக்கம் வெள்ளை சாக்பீஸே நல்லது.

பக்கத் தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விடுங்கள், மூன்று வரிசைத் தையல் ஓட்டுங்கள், வேண்டும்போது ஒன்றைப் பிரித்துவிடலாம். உடம்பு ஏறும் இறங்கும், நல்ல பட்டுப் புடவை இருபது வருடம் இருக்கும், ஜாக்கெட்டும் கூட வர வேண்டாமா?

இன்ச் டேப்பை மட்டும் ஒரு தடவை இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். அம்மா காலத்து டேப் என்றால் இழுபட்டு நீண்டிருக்கும். என்னுடையது அறுபது அங்குலத்தில் முக்கால் அங்குலம் தப்பு காட்டியது, நானோ உடம்பு இளைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


ஊசிநூல் (மதுரை):

கொக்கிப்பட்டி சொன்ன வேட்டித் துணி விஷயம் ரொம்ப முக்கியம். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். கழுத்தும் கைக்குழியும் வளைவாக வரும் இடத்தில், தைத்த பிறகு ஓரத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டு, தையலைத் தொடாமல். அப்போதுதான் திருப்பினால் படுக்கும். கை ஊசியால் எம்மிங் செய்யும்போது, அதாவது ஓரம் மடித்துத் தைக்கும்போது, நூலை மெழுகுவர்த்தியில் ஒரு தடவை இழுத்துக்கொள்ளுங்கள், முடிச்சு விழாது.


செம்பருத்தி (தஞ்சாவூர்):

டேப்பைப் பார்த்தேன். அரை அங்குலம் நீண்டிருக்கிறது! அப்படியானால் காட்டன் ஜாக்கெட்டின் அளவும் அங்கேயே கோணலாகியிருக்கிறது.

இன்று கடைக்குப் போய் வாங்கியவை: 11, 14 ஊசி பாக்கெட், மெஷின் ஆயில், புது டேப், பிரவுன் பேப்பர் நான்கு, ஒன்பது அங்குலக் கத்தரி. கத்தரிக்குத்தான் பெரும்பகுதி போனது, மற்றதெல்லாம் போகக் கொஞ்சம் மீதியும் இருக்கிறது. லைனிங் வாளியில் ஊறுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு தைத்த முதல் ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், அம்மாதான் தைத்தது, உள்ளே ஒன்றரை அங்குலம் விட்டு மூன்று தையல் ஓட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேட்டித் துணியில் தைத்துவிட்டு வந்து சொல்கிறேன்.