புதுப்பிப்பு: காதால் பீட் மேட்ச், ஒரு மாதம் கழித்து

டிஜே கருவியில் தாளத்தைத் தானாக ஒத்துப்போக வைக்கும் சிங்க் பட்டன் இல்லாமல், இரண்டு டிராக்கின் (பாட்டின்) தாளத்தைக் காதால் கேட்டே சேர்க்க, அதாவது பீட் மேட்ச் செய்ய, வரவே இல்லை என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். இப்போது பாதிக் கிணறு தாண்டியாச்சு.

அப்போது நீங்கள் சொன்னபடி, வேகத்தைக் காட்டும் திரைமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். ஒரு காதில் ஹெட்போன் வழியே அடுத்து உள்ளே வரும் டிராக், மறு காதில் ஸ்பீக்கரில் ஓடும் டிராக். இரண்டின் கிக்கும் (பெரிய டிரம் அடி) விலகினால் குதிரை ஓடுவதுபோல ‘தடக் தடக்’ என்று கேட்கும். எது முந்துகிறது என்பதில்தான் குழப்பம். சரி, ஜாக் வீலை (டிராக்கைக் கையால் முன்பின் தள்ளும் வட்டு) லேசாக முன்னே தள்ளிப் பார்ப்பேன். சத்தம் இன்னும் சிதறினால், உள்ளே வரும் டிராக்தான் ஏற்கெனவே முந்தியிருக்கிறது. பின்னே இழுத்துவிட்டு ஃபேடரில் (வேகத்தை மாற்ற நகர்த்தும் பட்டன்) அதன் வேகத்தைக் குறைப்பேன். 124 பிபிஎம்மை (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி) 126 ஆக்க 1.6 சதவீதம்தான் வேண்டும். பிட்ச் வரம்பை, அதாவது ஃபேடர் வேகத்தை மாற்றக்கூடிய அளவை, ±6 சதவீதத்துக்குச் சுருக்கியதும் கை நடுக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை.

மெஷின் தாளத்தில் ஓடும் ஹவுஸ் பாட்டுகள் படிந்துவிட்டன. பழைய டிஸ்கோதான் பாதியிலேயே வழுக்குகிறது. டிரம்ஸ் வாசித்தது மனுஷன் ஆச்சே, வேகம் கொஞ்சம் கூடிக் குறையும்!