தூசி உறிஞ்சியின் இழுவை குறைவது ஏன்?

கேள்வி: வீட்டு மரவேலைப் பட்டறையில் உள்ள தூசி உறிஞ்சும் இயந்திரம் 2 ஆண்டுகளாக நன்றாகவே உழைத்தது, ஆனால் சில வாரங்களாக, பை பாதிகூட நிறையாத நிலையிலும், இழைப்பு இயந்திரத்தின் சீவல்கள் குழாய்க்குள் போகாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. மோட்டாரின் ஓசையில் மாற்றமில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பதில் 1: முதலில் வடிகட்டியைப் பாருங்கள், நண்பரே. மடிப்பு வடிகட்டியாக இருந்தால், மடிப்புகளின் இடுக்கில் மாவுபோன்ற தூசி அப்பிக்கொண்டு காற்று வெளியேறுவதைத் தடுக்கும். அதைக் கழற்றி வெட்டவெளிக்குக் கொண்டுசென்று, அழுத்தக் காற்றை வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி, குறைந்த அழுத்தத்தில், சற்றுத் தள்ளிப் பிடித்துச் செலுத்துங்கள். மிக அருகில் பிடித்தால் வடிகட்டி கிழிந்துவிடக்கூடும்.

பதில் 2: அதன் பிறகும் இழுவை திரும்பவில்லையென்றால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு விசிறியின் நுழைவாயைத் திறந்து பாருங்கள். என் இயந்திரத்தில் நீளமான சீவல் ஒன்று அங்குள்ள குறுக்குக் கம்பியில் சிக்கி, அதன்மேல் ஒரு கைப்பிடிச் சீவல்கள் குருவிக்கூடுபோல் கட்டிக்கொண்டிருந்தன.

பதில் 3: வடிகட்டியைத் தொடும்போது முகமூடியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. நுரையீரலின் ஆழம்வரை செல்வதோ கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான்.

கேள்வி கேட்டவர்: நுழைவாயில்தான் அடைப்பு இருந்தது. மிக்க நன்றி.